எந்த மலை?

பப்புவா நியூ கினி நாட்டின் வடக்குக் கரையில் உள்ள மடாங் நகரத்தில் நான் வேலை பார்த்த மொத்த வியாபாரக் கடைக்குப் பின்னால் ஒரு குடோன் இருந்தது. மாதக் கடைசியில் ஸ்டாக் எடுக்கும் நாளன்று நான் ரெஜிஸ்டரோடு போய் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்துகொள்வேன். ஐந்து பேர் அரிசி மூட்டையையும் டின் மீன் பெட்டியையும் எண்ணி எண்ணிச் சொல்வார்கள். எண்ணுவது, கத்துவது, சிரிப்பது எல்லாம் தோக் பிசினில், ஆங்கிலச் சொற்களிலிருந்து உருவான அந்த நாட்டின் பொதுமொழியில். ஆனால் அந்த ஐந்து பேருக்கும் வீட்டு மொழி வேறு வேறு. ஒருவர் தன் ஊர்ப் பேச்சில் பேசினால் மற்ற நான்கு பேருக்கும் ஒரு வார்த்தை விளங்காது. பப்புவா நியூ கினியில் இதை யாரும் அதிசயமாக எடுத்துக்கொள்வதில்லை. புதிதாக ஒருவரைப் பார்த்தால், பெயருக்கு அடுத்தபடியாகக் கேட்கும் கேள்வியே 'உன் தோக் ப்ளேஸ் என்ன?' என்பதுதான். தோக் ப்ளேஸ் என்றால் ஊர்ப் பேச்சு. ஒரே பேச்சுக்காரர்கள் ஒருவருக்கொருவர் வன்தோக். வேலை வாங்கிக் கொடுப்பது, கல்யாணச் செலவில் கைகொடுப்பது, சண்டையில் கூட நிற்பது எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம்.

அந்த நாட்டில் சுமார் 840 மொழிகள். அது இருக்கும் நியூ கினித் தீவின் மேற்குப் பாதி இந்தோனேசியாவிடம் இருக்கிறது. அதையும் சேர்த்தால் ஆயிரத்தைத் தாண்டும். ஏன் இத்தனை என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. போவதற்கு முன்பே படித்து வைத்திருந்த பதில்: மலை. செங்குத்தான மலைகள், நடுவே காடு, ஒரு பள்ளத்தாக்கில் இருப்பவன் அடுத்த பள்ளத்தாக்கைப் பார்த்ததே இல்லை, ஆயிரக்கணக்கான வருடம் தனித்தனியாகக் கிடந்ததால் பேச்சும் தனித்தனியாகப் போய்விட்டது. வீட்டுக்கு போன் செய்யும்போது இதைத்தான் சொல்வேன். ஒரு நாள் மதியம், குடோன் வாசலில் எல்லோரும் பாக்கு போட்டுக்கொண்டிருந்தபோது அதையே அவர்களிடமும் சொன்னேன்.

அவர்கள் போடுவது பச்சைப் பாக்கு. வெற்றிலைக்குப் பதில் அதே இனக் கொடியின் நீளக் காய் ஒன்றைச் சுண்ணாம்புப் பொடியில் தொட்டுக் கடிப்பார்கள். குடோன் பொறுப்பில் இருந்த பெரியவர் ஒரு கடி கடித்து, மென்று, துப்பிவிட்டு, 'எந்த மலை?' என்று கேட்டார்.

வயதானவர்களை அங்கே மரியாதையாக 'பாப்பா' என்று கூப்பிடுவார்கள். அப்பா என்று பொருள். கைக்குழந்தையைக் கூப்பிடும் சொல்லால் அறுபது வயதுக்காரரைக் கூப்பிட ஆரம்பத்தில் எனக்கு நாக்கு எழவில்லை, அப்புறம் பழகிவிட்டது. பாப்பா சொன்னார்: 'எங்க ஊர்ல ஏது மலை, பிராடா? ஒரு பக்கம் கடல். ஒரு பக்கம் தென்னந்தோப்பு. கரையோட ஒரு மணி நேரம் நடந்தா பக்கத்து ஊர். அவங்க தோக் ப்ளேஸ் வேற, எங்களுது வேற. எங்க அம்மா அந்த ஊர்தான்.'

அவர் அம்மா பேச்சும் பேசுவார், அப்பா பேச்சும் பேசுவார். சாகோ மரத்து மாவுக்கு மீன் மாற்றிக்கொள்ள வரும் உள்காட்டு ஊர்க்காரர்களின் பேச்சும் தெரியும். அதற்கெல்லாம் மேலே தோக் பிசின். பள்ளிக்கூடத்தில் மூன்று வகுப்புக்கு மேல் படிக்காதவர். பக்கத்து ஊரைப் பார்த்ததே இல்லை என்று நான் கதை சொன்னது பக்கத்து ஊர்க்காரியின் மகனிடம்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அன்று ராத்திரி வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன்.

மேட்டில் ஒன்று, பள்ளத்தில் நூறு

தீவின் நடுவே நீளமாக ஓடுகிறது உயர்நிலம். 1930களின் தொடக்கத்தில் தங்கம் தேடிப் போன ஆஸ்திரேலியர்கள் அங்கே ஏறிப் பார்க்கும் வரை, அந்தப் பள்ளத்தாக்குகளில் லட்சக்கணக்கான ஜனம் இருப்பது வெளியுலகத்துக்குத் தெரியாது. மலைதான் காரணம் என்றால் அங்கேதான் மொழிகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்க வேண்டும். ஆனால் தீவின் மிகப் பெரிய மொழிகள் இருப்பது அங்கேதான். எங்கா மொழியை இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பேசுகிறார்கள். ஒரு மாகாணம் முழுக்கக் கிட்டத்தட்ட அந்த ஒரே மொழிதான். ஹூலி, மெல்ப்பா, மேற்கே டானி என்று பெரிய மொழிகள் எல்லாம் மலைமேல் இருக்கின்றன.

மொழிகள் பொடிப்பொடியாக நொறுங்கிக் கிடப்பது செப்பிக், ராமு ஆறுகளின் தாழ்வான சதுப்பிலும் வடக்குக் கரையோரத்திலும். ஓடத்தில் ஏறினால் ஊர் ஊராகப் போகலாம், மறைக்க ஒரு குன்று கிடையாது. அங்கேதான் முந்நூறு பேருக்கு ஒரு மொழி, நூறு பேருக்கு ஒரு மொழி. மடாங் மாகாணத்தில் மட்டும் 150க்கு மேல்.

மலைக்கு ஒரு பங்கும் இல்லை என்று சொல்ல வரவில்லை. உயர்நிலத்தில் மலேரியா குறைவு. சில நூறு ஆண்டுகளுக்கு முன் சர்க்கரைவள்ளிக் கிழங்கு வந்து சேர்ந்த பிறகு அங்கே ஜனம் பெருகியது, குலங்கள் பரவின, பேச்சும் கூடவே பரவியது. தாழ்நிலத்தில் காய்ச்சல், சாகோ மரம், சின்னச் சின்ன ஊர்கள். அதனால் ஊர்கள் ஏன் சின்னதாக இருந்தன என்பது விளங்குகிறது. ஆனால் பெண் கொடுத்து, பெண் எடுத்து, மீனும் மாவும் மாற்றிக்கொண்டு, தினமும் ஒருவர் குரல் ஒருவர் காதில் விழ வாழ்ந்தவர்கள் பேச்சை மட்டும் ஏன் கலக்கவிடவில்லை? அதை மலையும் சொல்லவில்லை, கிழங்கும் சொல்லவில்லை.

மிச்சத்துக்கு வைத்த பெயர்

இந்த மொழிகளைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தது அப்போதுதான். முதலில் இடறியது 'பப்புவ மொழிகள்' என்ற பெயர். அது ஒரு குடும்பத்தின் பெயர் என்றே நினைத்திருந்தேன், திராவிட மொழிகள் என்று சொல்வதுபோல. அப்படி இல்லை. சுமார் மூவாயிரத்து ஐந்நூறு வருடம் முன்பு கடல்வழியாக ஆஸ்ட்ரோனேசிய மொழி பேசுகிறவர்கள் வந்தார்கள். மலாயும் ஹவாய் மொழியும் சேர்ந்த குடும்பம் அது. மடாங் துறைக்கு எதிரே உள்ள தீவுகளில் பேசுவதும் அதுதான். அந்தக் குடும்பத்தைச் சேராத, பக்கத்து ஆஸ்திரேலியக் குடும்பங்களையும் சேராத மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த பெயர்தான் பப்புவ மொழிகள். சுமார் 800 மொழிகள், பல பத்துக் குடும்பங்கள், எந்தக் குடும்பத்திலும் ஒட்டாத தனி மொழிகள் வேறு. மனிதர்கள் அந்த நிலத்துக்கு வந்து சுமார் ஐம்பதாயிரம் வருடம் ஆகிறது. அவ்வளவு காலத்துப் பேச்சையும் 'அது இல்லாதது' என்று ஒரே பெயரில் கட்டி வைத்திருக்கிறோம். மற்றவர்களுக்கு இது சின்ன விஷயமாக இருக்கலாம். எனக்கு அந்தப் பெயர் இன்றுவரை உறுத்துகிறது.

இவற்றில் பெரிய குடும்பத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட மொழிகள். ஊகித்து மீட்ட அதன் மூல வடிவத்தில் 'நான்' என்பதற்கு 'ந' என்று இருக்கும். இதைப் பார்த்தவுடன் நம் ஆட்களில் சிலர் என்ன செய்வார்கள் என்று தெரியும். தயவுசெய்து வேண்டாம். ஓரசைச் சொற்கள் எங்கேயும் தற்செயலாக ஒத்துப்போகும். நம்மோடு உறவு இருந்தால்தான் ஒரு மொழிக்கு மதிப்பு என்று நினைப்பது அந்த மொழியை அவமதிப்பது.

உறவு இல்லாமலே ரசிக்க நிறைய இருக்கிறது. குடோனில் இருந்த ஐந்து பேரில் ஒரு பையன் அமெலே பேசுகிறவன். மடாங் நகரத்துக்குத் தெற்கே, உள்ளே தள்ளி, சில ஆயிரம் பேர் பேசும் மொழி அது. அவன் ஒரு நாள் பன்றி வேட்டைக் கதை சொன்னான், ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி எனக்குப் பிசினிலும் சொன்னான். அவன் மொழியில் வாக்கியம் வினையில்தான் முடிகிறது. நடுவில் வரும் வினைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொண்டே போகின்றன. ஓடினவனேதான் அடுத்த காரியத்தையும் செய்தானா, இல்லை ஓடியது ஒருவர் அடித்தது வேறொருவரா என்பதை ஒவ்வொரு வினையின் வாலிலும் சொல்லியாக வேண்டும். கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சட்டென்று பிடிபட்டது. 'பன்றி வந்து தின்றது' என்கிறோம். 'பன்றி வர, நாங்கள் ஓடினோம்' என்கிறோம். 'வந்து' என்றால் பெரும்பாலும் அதே ஆள், 'வர' என்றால் பெரும்பாலும் வேறு ஆள். நம் இலக்கணக்காரர்கள் செய்து என்னும் வாய்பாடு, செய என்னும் வாய்பாடு என்று பிரித்து வைத்தது இதைத்தான். நாம் இரண்டு மூன்று வடிவத்தில் லேசாகச் செய்வதை அமெலே முழு ஒழுங்காகச் செய்கிறது. எங்கோ ஒரு தீவில் இன்னொரு ஜனம் அதே சிக்கலை உட்கார்ந்து யோசித்துத் தனியாகத் தீர்த்திருக்கிறது. எனக்கு அது உறவை விடப் பெரிய செய்தி.

ஒரு ஊர் கூடி 'இல்லை'யை மாற்றியது

பாப்பாவின் கேள்விக்குப் பதில் என்று நான் எடுத்துக்கொண்டது ஒரு சின்னத் தகவல். மடாங்குக்குத் தென்கிழக்கே ஹுவோன் தீபகற்பம் இருக்கிறது. அதன் உட்பகுதியில் செலெபெட் என்ற மொழி. கென்னத் மெக்எல்ஹனன் என்ற மொழியியலாளர் அங்கே வேலை செய்தபோது கண்டது இது. செலெபெட்டில் 'இல்லை' என்பதற்கு 'பியா' என்பார்கள். ஒரு ஊர்க்காரர்கள் கூட்டம் போட்டு, மற்ற செலெபெட் ஊர்களிலிருந்து நாம் வேறுபட்டு இருக்க வேண்டும் என்று பேசி முடிவெடுத்தார்கள். அன்றிலிருந்து 'பியா'வை விட்டுவிட்டு வேறு ஒரு சொல்லை வைத்துக்கொண்டார்கள்.

எந்தச் சொல்லை மாற்றினார்கள் என்று பாருங்கள். ஏதோ ஒரு மரத்தின் பெயரையோ மீனின் பெயரையோ அல்ல, 'இல்லை'யை. ஒரு நாளைக்கு நூறு தடவை வாயில் வரும் சொல். குழந்தை முதலில் பிடித்துக்கொள்ளும் சொற்களில் ஒன்று. ராத்திரி கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போய், தூக்கக் கலக்கத்தில் ஒரு பிள்ளை எதையோ கேட்க, அம்மா பழைய சொல்லைச் சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, புதுச் சொல்லைச் சொல்லியிருப்பாள். எத்தனை நாள் அப்படி இடறியிருப்பார்கள்! ஆனாலும் விடவில்லை.

அந்த நாட்டின் கிழக்குக் கோடியில் உள்ள பூகன்வில் தீவில் புயின் மொழி ஆண்பால், பெண்பால் பார்க்கும் மொழி. அதன் ஒரு கிளையான உயிசாயில் எல்லாம் தலைகீழ். மற்றவர்கள் ஆண்பால் விகுதி போடும் இடத்தில் இவர்கள் பெண்பால் விகுதி போடுகிறார்கள்; பெண்பாலுக்கு ஆண்பால். ஒன்றிரண்டு சொல்லில் இல்லை, மொழி முழுக்க. டான் லேகாக் என்ற ஆய்வாளர் பதிவு செய்தது இது. காலப்போக்கில் தானாக நடந்ததாக இதை விளக்க முடியாது. யாரோ ஒரு காலத்தில் வேண்டுமென்றே திருப்பிப் போட்டு, மற்றவர்கள் பின்னால் போயிருக்க வேண்டும். செப்பிக் பகுதியில் ஒருவர் தன்னிடம் சொன்னதாகவும் அவர் எழுதியிருக்கிறார்: எல்லோரும் ஒரே மாதிரி பேசினால் நன்றாக இராது, யார் எந்த ஊர் என்று தெரிய வேண்டாமா என்ற அர்த்தத்தில்.

இதைப் படித்தபோது குடோன் வாசல் ஞாபகம் வந்தது. நான் அந்த மக்களை மலைக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களாக நினைத்திருந்தேன். அவர்களோ பக்கத்து ஊர்ப் பேச்சை நன்றாகத் தெரிந்துகொண்டு, தெரிந்ததாலேயே, நம்முடையது வேறாக இருக்கட்டும் என்று பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்டவர்கள். அந்த வேற்றுமையில் யாரும் உசத்தி, யாரும் மட்டம் என்று இல்லை. என் ஊர்ப் பேச்சை நீ பேச வேண்டும் என்று யாரும் படையெடுக்கவில்லை. எட்டுக் கோடி பேர் பேசும் மொழியில் பிறந்து, எண்ணிக்கையைச் சொல்லிப் பெருமைப்பட்டே வளர்ந்தவன் நான். நூறு பேர் பேசும் மொழியை, நூறு பேர்தான் பேசுகிறார்கள் என்பதற்காகவே நேசிக்க முடியும் என்பது எனக்குப் பிடிபட நாளாயிற்று.

நூறு பேர் இருந்தும், பிறகு

ஊருக்குத் திரும்பிய பின் 2015இல் காப்புன் என்ற ஊரைப் பற்றிப் படித்தேன். செப்பிக்கும் ராமுவும் கடலை நெருங்கும் சதுப்பில் உள்ள ஊர். அங்கே மட்டும் பேசும் மொழி தாயாப். எந்தக் குடும்பத்திலும் சேராதது. 1980களில் டான் கூலிக் என்ற மானுடவியலாளர் அங்கே போய்த் தங்கினார், பல வருடங்கள் திரும்பத் திரும்பப் போனார். அந்த மொழியின் இலக்கணமும் அகராதியும் 2019இல் வெளிவந்தன. அவர் முதலில் போனபோது தாயாப் பேசுகிறவர்கள் சுமார் 90 பேர். அது குறைந்துபோன எண்ணிக்கை என்று நினைக்கக்கூடாது. அந்த மொழி எப்போதுமே கிட்டத்தட்ட ஒரு ஊர் அளவுதான். அந்த அளவிலேயே காலங்காலமாகத் திடமாக இருந்திருக்கிறது.

ஆனால் அப்போதே பத்து வயதுக்குக் கீழே ஒரு குழந்தைகூடத் தாயாப் பேசவில்லை. யாரும் தடை போடவில்லை. பள்ளிக்கூடத்தில் அடிக்கவில்லை. வெளியாட்கள் வந்து குடியேறவும் இல்லை. 1910களில் தோட்ட வேலைக்குப் போன ஆண்கள் திரும்பி வந்தபோது இரும்புக் கத்தியும் பெட்டியும் கொண்டுவந்தார்கள், கூடவே தோக் பிசினும் வந்தது. முதலில் அது இன்னொரு மொழி, அவ்வளவுதான். மூன்று பேச்சு தெரிந்தவனுக்கு நாலாவது பாரமா? ஆனால் மெல்ல மெல்லப் பிசின் விவரம் தெரிந்தவனின் பேச்சு, கோவிலின் பேச்சு, ஆண்களின் பேச்சு என்று ஆனது. தாயாப் பிடிவாதத்தின் பேச்சு, கோபத்தின் பேச்சு, பழையதன் பேச்சு என்று ஒதுங்கியது. பிடிவாதத்துக்கு அவர்கள் பிசினில் சொல்லும் சொல் 'ஹெட்'. தலைக்கனம் என்று வைத்துக்கொள்ளலாம்.

நான் எத்தனையோ தடவை திரும்பப் படித்த இடம் ஒன்று உண்டு. பெரியவர்களிடம் கேட்டால், நாங்கள் குழந்தைகளிடம் தாயாப்தான் பேசுகிறோம், அதுகள்தான் பேச மாட்டேன் என்கின்றன என்பார்கள். கைக்குழந்தைக்கு 'ஹெட்' அதிகம் என்பது அவர்கள் நம்பிக்கை. குழந்தையின் முதல் சொல் 'ஓகி' என்பார்கள். நான் போகிறேன் என்று பொருள். அப்பாவும் அம்மாவும் கற்றுக்கொடுக்காமலே, எனக்கு இங்கே இருக்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே பிள்ளை பேச ஆரம்பிக்கிறதாம். கூலிக் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தது வேறு. அம்மா தாயாப்பில் ஒன்று சொல்வாள். பிள்ளை திரும்பவில்லை என்றால் அதையே உடனே பிசினில் சொல்வாள். நாள் முழுக்க இப்படியே. பிள்ளைக்குத் தாயாப் முதல் சத்தம், பிசின்தான் விஷயம். விஷயம் பின்னால் வரும் என்று தெரிந்த பிள்ளை முதல் சத்தத்துக்கு ஏன் திரும்ப வேண்டும்?

இன்று தாயாப் பேசுகிறவர்கள் ஐம்பது பேர்கூட இல்லை. இளவட்டங்களுக்கு உள்ளுக்குள் நிறையவே தெரியும் என்றும் கூலிக் கண்டார். தனியாக உட்கார வைத்தால் கதை சொல்கிறார்கள். ஆனால் தங்களுக்குள் பேச மாட்டார்கள். தப்பாக வந்துவிட்டால் பெரியவர்கள் கேலி செய்வார்கள் என்ற கூச்சம்.

கூட்டம் போட்டு ஒரு சொல்லை மாற்றத் தெரிந்த தீவு அது. வேண்டும் என்று முடிவெடுத்து மொழியை வேறாக்கத் தெரிந்தவர்கள். ஆனால் மொழி போவதற்கு எந்தக் கூட்டமும் நடக்கவில்லை. யாரும் முடிவெடுக்கவில்லை. ஒரு பொழுதில் இருபது தடவை, முப்பது தடவை, ஒரு வாக்கியத்தை இரண்டாவது மொழியில் திருப்பிச் சொன்னார்கள். அவ்வளவுதான் நடந்தது. 1990களில் அந்த நாட்டு அரசு ஆரம்ப வகுப்புகளை ஊர்ப் பேச்சிலேயே நடத்த முனைந்தது. நானூறுக்கும் மேற்பட்ட மொழிகளில் பாடம் நடந்தது. உலகத்தில் வேறெங்கும் அப்படி ஒரு முயற்சி நடந்ததாக எனக்குத் தெரியவில்லை. 2013இல் மறுபடி ஆங்கிலத்துக்குத் திரும்பிவிட்டார்கள். அது எனக்கு வருத்தம்தான். ஆனால் அடுப்படியில் நடப்பதைப் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் பிடித்து நிறுத்தியிருக்கும் என்றும் யோசிக்கிறேன்.

படித்து முடித்த அன்று எனக்கு நினைவுக்கு வந்தது பாப்பாவின் பேத்தி. நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது மூன்று வயது இருக்கும். அவர் மகன் செப்பிக் பக்கத்துப் பெண்ணைக் கட்டியிருந்தான். வீடு கடைக்குப் பின்னால், நகரத்துக் குடியிருப்பில். சாயங்காலம் மருமகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குடோன் கேட்டுக்கு வருவாள். மேலே மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பும் நேரம். பிள்ளை கீழே இறங்கி, மூட்டை தைக்கும் சணலை இழுத்துக்கொண்டு ஓடும். பாப்பா தன் பேச்சில் கூப்பிடுவார். அது திரும்பாது. அப்புறம் பிசினில் 'கம்' என்பார். உடனே ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்ளும். மூன்று வருடம், வாரத்துக்கு நான்கைந்து நாள், நான் ரெஜிஸ்டரை மூடிக்கொண்டே அதைப் பார்த்திருக்கிறேன். தாத்தா பேத்தி கொஞ்சல் என்று மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

2016இல் அவருக்கு போன் செய்தேன். உடம்பு, கடை, பழைய ஆட்கள் எல்லாம் விசாரித்தாயிற்று. கடைசியில் கேட்டேன்: 'பாப்பா, பேத்திக்கு உங்க தோக் ப்ளேஸ் வருதா?'

கொஞ்ச நேரம் பேச்சில்லை. 'காதுல விழும். பேசாது' என்றார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'நான் அதுகிட்ட எங்க பேச்சுதான் பேசறேன், பிராடா. அது பிக்ஹெட்.'

பிக்ஹெட் என்றால் அடங்காப்பிடாரி. அங்கே எல்லா வீட்டிலும் பிள்ளைகளைச் செல்லமாகத் திட்டும் சொல்.

இரு, நீயே பேசு என்று சொல்லிவிட்டுப் போனைத் தள்ளிப் பிடித்து அவளைக் கூப்பிட்டார். எனக்குப் புரியாத இரண்டு சொல், அவர் ஊர்ப் பேச்சில். அதன் மேலேயே, மூச்சுவிடும் நேரம்கூட இல்லாமல், 'கம், கம்.' தூரத்திலிருந்து ஓடி வரும் காலடிச் சத்தம் போனில் கேட்டது.